ஸ்டேஷனில் இருந்து சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்: எதற்குச் சரி சொல்வது?

கேள்வி: புதுச்செயலாளர், திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு இந்த வருஷம்தான் செயலாளர் ஆனேன். போன வாரம் எங்கள் எல்லைக்குப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் நிர்வாகிகளைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காவல்துறையும் பொதுமக்களும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று சில யோசனைகள் வைத்தார்.

தெரு முனைகளில் கேமரா வைக்க வேண்டும், செலவு சங்கத்துடையது. ஸ்டேஷன் ஆட்களும் நாங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு. பத்துப் பதினைந்து இளைஞர்களைக் கொடுத்தால் தொப்பியும் அடையாள அட்டையும் கொடுத்து ராத்திரி ரோந்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். கடைசியாக, எங்கள் பின்தெருவில் இருக்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு, கேரம் போர்டு எல்லாம் வைத்து ஒரு சிறுவர் மன்றம். இடம் எங்கள் சங்கக் கட்டடத்தில்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பைக்கில் பெட்ரோல் திருடு போனதில் இருந்து கூட்டத்தில் பேச்சு எல்லாம் பின்தெருப் பையன்களைப் பற்றித்தான். யார் எடுத்தது என்று யாரும் பார்க்கவில்லை. "இனிமே ஸ்டேஷன் நம்ம பக்கம், ஒரு கை பாத்துடலாம்" என்று ஒருவர் சொன்னார், நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் குடியிருப்பில் இருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் மன்றத்தைப் பற்றிச் சொன்னேன். "போலீஸ் நடத்துறதாம்மா? அப்ப எம் பையன் வேணாம்மா" என்று உடனே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. இந்த மாதிரி ஏற்பாட்டில் இருந்தவர்கள், உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதற்குச் சம்மதிக்கலாம், எதற்குக் கூடாது?

பதில்: அண்ணாநகர்வாசி, சென்னை

கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன். ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்த காலத்தில் (2017 முதல் 2020 வரை) சென்னையில் "மூன்றாவது கண்" என்று தெருத் தெருவாக கேமரா வைத்தார்கள். சங்கங்களும் கடைக்காரர்களும் காசு போட்டார்கள். செயின் பறிப்பு வழக்குகளில் அந்தப் பதிவுகள் நிறையவே உதவின.

சிக்கல் வாங்குவதில் வராது, அதற்குப் பிறகுதான் வரும். மழையில் ஒயர் போகும், ஹார்ட் டிஸ்க் போகும். வருடப் பராமரிப்புக்கு யார் பணம் கட்டுவது என்று முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கேமரா ரோட்டைப் பார்க்கட்டும், யார் வீட்டு வாசலையும் ஜன்னலையும் பார்க்கக் கூடாது. பதிவை யார் கேட்டாலும் நோட்டில் தேதி, காரணம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பொருளாளர் மச்சான் கேட்டாலும் இதுதான் முறை. முக்கியமாக, பின்தெரு வாயிலில் மட்டும் கேமரா வைத்துவிட்டு மற்ற முனைகளை விட்டுவிடாதீர்கள். அது எதற்கு வைத்தது என்று அந்த மக்களுக்கு ஒரே நாளில் புரிந்துவிடும்.

பதில்: பழைய பீட் காவலர், திருச்சி

வணக்கம் அம்மா. நான் நம்ம திருச்சி மாநகரக் காவல்லதான் கான்ஸ்டபிளா இருந்து, ஏட்டாகி, ஸ்பெஷல் எஸ்ஐயா ரிட்டயர் ஆனவன். நீங்க கேக்கிற விஷயம் நம்ம ஊர்லயே நல்லபடியா நடந்ததை உள்ள இருந்து பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

1999ல திரிபாதி அய்யா இங்க கமிஷனரா வந்தாங்க. பின்னாடி 2019ல டிஜிபி ஆனாங்களே, அதே ஜே.கே.திரிபாதி அய்யாதான். கோயம்புத்தூர்ல குண்டு வெடிச்சு ஒரு வருஷம் சொச்சம்தான் ஆயிருந்த நேரம். போலீஸைப் பாத்தா ஜனங்க ஒதுங்குவாங்க, எங்களுக்கும் ஜனங்க கிட்ட போய்ப் பேசிப் பழக்கம் கிடையாது. அதுவரைக்கும் எங்க வேலை எப்படின்னா, இன்னிக்கு பாரா, நாளைக்கு கோர்ட்டு, மறுநாள் பந்தோபஸ்து, அதுக்கு அடுத்த நாள் ஏதோ ஒரு ஏரியா ரோந்து. ஒரு தெருவுக்கு திரும்பப் போறதுக்குள்ள அந்தத் தெருவே மறந்து போயிடும்.

அய்யா அதை மாத்தினாங்க. ஊரை பீட் பீட்டா, அதாவது சின்னச் சின்ன ரோந்துப் பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு பீட்டுக்கும் இன்ன இன்ன காவலர்னு பேர் போட்டு, அவங்களையே அங்க நிரந்தரமா விட்டாங்க. எங்களை பீட் ஆபீசர்னு சொன்னாங்க. சாதாரண கான்ஸ்டபிளை ஒரு ஏரியாவுக்குப் பொறுப்புன்னு சொன்னது அப்பதான் முதல் தடவை. தண்ணிக் குழாய்ச் சண்டை, வாய்க்கால் தகராறு மாதிரி சின்னச் சின்னதெல்லாம் அங்கேயே உக்காந்து பேசித் தீத்துட்டு வருவோம். பேர் எழுதாம போடலாம்னு ஊர் முழுக்க புகார்ப் பெட்டி வெச்சாங்க. வசதி இல்லாத குடியிருப்புகளைத் தத்து எடுத்து, மத்த டிபார்ட்மெண்டைக் கூட்டிக்கிட்டுப் போய் அங்க இருக்கிற குறையைப் பாத்தாங்க. வெளிநாட்டு விருதெல்லாம் அந்தத் திட்டத்துக்கு வந்துச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அந்த விருதைப் பத்தி இல்ல.

என் பீட்ல ஒரு லைன் வீடு. ரோந்து வந்ததுக்குக் கையெழுத்து போடற நோட்டை, நாங்க பட்டா புக்னு சொல்லுவோம், பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அங்க இருந்த ரேஷன் கடை ஜன்னல் கம்பியில கட்டியிருக்கும். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்குப் போய் டார்ச் அடிச்சு நேரம் போட்டு கையெழுத்து போடணும். கடைக்கு எதிர் வீட்டுல ஒரு பாட்டி. தூக்கம் வராது போல, ஜன்னல் கிட்டயே உக்காந்திருக்கும். முதல்ல நான் போனா பலகையைச் சாத்திக்கும். அப்புறம் சாத்துறதை விட்டுச்சு. அப்புறம் "மணி என்னப்பா"ன்னு கேக்கும். பல மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, நான் கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கும்போது, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எந்த வீட்டுல சாராயப் பாக்கெட் வந்து இறங்குது, எத்தனை மணிக்கு, எந்த வண்டியிலங்கிறதை கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிச்சு. புகார்ப் பெட்டி அந்தத் தெரு முனையிலதான் இருந்துச்சு, அதுல போடல. பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆனா அது மட்டும் காரணம் இல்ல. இவன் அடுத்த வாரமும் வருவான், நம்ம பேரை வெளிய சொல்ல மாட்டான்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. நானும் இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல.

இதுக்குத்தாம்மா அந்தத் திட்டம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரணும். கூட்டம் போடறது, போட்டோ எடுக்கறது, பேனர் கட்டறது எல்லாம் எத்தனையோ பாத்துட்டேன். அந்தத் தெருவுல முகம் தெரிஞ்ச காவலர் ஒருத்தர் இல்லன்னா அதுல ஒண்ணும் நிக்காது.

அதனால இன்ஸ்பெக்டர் அய்யா கிட்ட நீங்க முதல்ல கேக்க வேண்டியது இதுதான்: எங்க ஏரியா பீட் காவலர் யாரு, அவர் பேர் என்ன, குறைஞ்சது ஒரு வருஷமாவது அவரையே இங்க விட முடியுமா, மாறினா அவரே அடுத்தவரைக் கூட்டிக்கிட்டு வந்து அறிமுகம் பண்ணுவாரா. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், இன்ன இடத்துல இருப்பார்னு சொல்ல முடியுமா. ஆள் பத்தாக்குறை நிஜமாவே இருக்கு, தலைவர்கள் வந்தா பந்தோபஸ்துக்கு எல்லாரையும் அனுப்பிடுவாங்க. அதனால எல்லாத்துக்கும் சரின்னு சொல்ல மாட்டார். பாதி கிடைச்சாலும் வாங்கிக்கங்க.

வாட்ஸ்அப் குழு வெச்சுக்கங்க, பூட்டின வீடு, எரியாத தெரு விளக்கு, திறந்து கிடக்கிற குழி, இதுக்கெல்லாம் நல்லது. ஊருக்குப் போறவங்க குழுவுல "நாளையிலேர்ந்து வீடு பூட்டியிருக்கும்"னு போடக் கூடாது, ஸ்டேஷனுக்கு நேரா சொல்லணும். யார் போட்டோவையும் "சந்தேகமா இருக்கான்"னு போடவே கூடாது. அதை முதல் நாளே விதியா வைங்க. புகார்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கணும், மெசேஜ் போட்டது புகார் ஆகாது. அவசரம்னா 112. நடுராத்திரி குழுவை யாரும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க.

தொப்பி போட்ட பையன்கள் வேண்டாம். அதுக்கு என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க இங்க இருப்பாங்க, அவங்க சொல்லட்டும்.

பதில்: ராம்நாட்டுக்காரன்

அக்கா, நான் சொல்றேன். 1993ல பிரதீப் பிலிப் சார் எங்க ராமநாதபுரத்துல எஸ்பியா இருந்தப்பதான் "போலீஸ் நண்பர்கள்" ஆரம்பிச்சாரு. ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அப்புறம் தமிழ்நாடு பூரா போச்சு. நானும் வாலிபத்துல அதுல இருந்தேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தக் கரையில நிப்போம். காணாம போன பிள்ளையை மைக்ல சொல்லிப் பெத்தவங்க கிட்டச் சேர்ப்போம், வயசானவங்க கையைப் பிடிச்சுக் கரை ஏத்துவோம். அந்த வேலை எனக்குப் பெருமையா இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

அதுல போட்டிருந்த விதி நல்ல விதிதான்: பொதுமக்கள் தகவல் சொல்லலாம், ஒத்தாசை பண்ணலாம், அதிகாரம் கிடையாது. ஆனா வருஷம் போகப் போக பல ஊர்ல என்ன ஆச்சு? ஆள் பத்தலேன்னு வண்டி செக்கிங்ல நிறுத்தினாங்க, லத்தியைக் கையில குடுத்தாங்க, ஸ்டேஷன்ல எடுபிடி வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க. கார்டைக் காட்டி ஓசியில சாப்பிட்ட ஆளையும் நான் பாத்திருக்கேன். சம்பளம் இல்லாம ஒருத்தனுக்கு அதிகாரத்தைக் குடுத்தா அந்த அதிகாரத்தையே அவன் சம்பளமா எடுத்துக்குவான்.

2020 ஜூன்ல சாத்தான்குளத்துல ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் செத்துப் போனப்ப, ஸ்டேஷன்ல இருந்த தன்னார்வலர்கள் பேரும் அடிபட்டுச்சு. அவங்க எங்க ஆளுங்க இல்லேன்னு அமைப்பு மறுத்துச்சு. ஆனா ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியல, தெரியாத மாதிரிதான் ஸ்டேஷன்களும் இத்தனை வருஷமா நடத்திக்கிட்டு வந்திருக்கு. ஜூலையில அரசாங்கம் மாநிலம் பூரா தடை போட்டுச்சு. நல்லா வேலை செஞ்ச பிள்ளைகளுக்கும் அதோட முடிஞ்சுது. எனக்கு அது வருத்தம்தான், ஆனா தடை தப்புன்னு சொல்ல மாட்டேன்.

உங்க தெருப் பையன் கார்டு மாட்டிக்கிட்டு பின்தெருப் பையனை "எங்கடா போற"ன்னு நிறுத்தினா, அது உங்க ரெண்டு தெருவுக்கும் நடுவுல தீராத பகை ஆயிடும். சேவை செய்யணும்னு ஆசை உள்ள பிள்ளைகளை ஊர்க்காவல் படைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்க. அது சட்டப்படி உள்ள படை, பயிற்சி உண்டு, யார் பொறுப்புன்னு தெரியும்.

பதில்: மதுரை வழக்கறிஞர்

மேலே ராம்நாட்டுக்காரர் சொன்னதற்குச் சட்ட அடிப்படை: தனிநபர் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்க முடிகிற சந்தர்ப்பம் மிகக் குறுகியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), பிரிவு 40: ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யக் கூடிய குற்றம் அவர் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும், அல்லது அந்த நபர் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தவரை தாமதம் இல்லாமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் நிறுத்தி பையைத் திறக்கச் சொல்லும் உரிமை தொப்பியால் வந்துவிடாது. ஏதாவது ஆனால் வழக்கு அந்த இளைஞர்கள் மேல் வரும், சங்கத்தின் தீர்மானப் புத்தகமும் கோர்ட்டுக்குப் போகும்.

பிரிவு 179ஐயும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி விசாரணை என்று 15 வயதுக்குக் குறைந்த பையனையோ, 60 வயதுக்கு மேற்பட்டவரையோ, எந்த வயதுப் பெண்ணையோ ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் அந்த இன்ஸ்பெக்டரையே இதை மேடையில் சொல்லச் சொல்லுங்கள். அதிகாரி வாயால் வந்தால் மக்கள் நம்புவார்கள்.

பதில்: மாலை வகுப்பு டீச்சர், வடசென்னை

சிறுவர் மன்றத்தை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போலீஸ் சிறுவர் சிறுமியர் மன்றம் ஒன்றில் மாலை வகுப்பு எடுத்திருக்கிறேன். மின்விசிறியும் மேஜையும் இருந்த ஒரே இடம் எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான். வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? கேரம் ஆட வந்த பையன் அப்படியே கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வருவான்.

ஆனால் நான் இருந்த மன்றத்தில் ஆர்வமாக நடத்திய இன்ஸ்பெக்டர் மாறிப் போனதும் கதவில் பூட்டு விழுந்தது. சாவி ஸ்டேஷனில், கேட்டால் "சார் வரட்டும்". பிள்ளைகள் சாயங்காலம் வந்து படியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பரீட்சை நேரம் அது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது எனக்கு. சாவி அந்தக் குடியிருப்புப் பெண்களிடம் இருக்க வேண்டும், உங்கள் சங்கத்திடம்கூட வேண்டாம். இடமும் சங்கக் கட்டடம் வேண்டாம், அவர்கள் குடியிருப்புக்கு உள்ளேயே ஒரு அறை பாருங்கள். உங்கள் கட்டடம் என்றால் ஒரு பேனா காணாமல் போனால்கூட அந்தப் பிள்ளைகள் மேல்தான் பழி விழும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: மன்றத்துக்கு வரும் பிள்ளையிடம் "உங்க மாமா எங்க இருக்காரு, அண்ணன் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தான்" என்று ஒரு காவலர் ஒரே ஒரு தடவை கேட்டாலும் மன்றம் அன்றோடு முடிந்தது. பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும், மறுநாள் யாரும் வர மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் அந்த அக்கா பயப்படுவது இதற்காகத்தான் இருக்கும். அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பதில்: பாலக்காட்டுத் தமிழன்

கேரளத்தில் 2008ல் ஜனமைத்ரி என்று கொண்டுவந்தார்கள். திருச்சிக்காரர் சொல்வது மாதிரிதான், பீட் ஆபீசர் வீடு வீடாக வருவார். என் அம்மா இங்கே தனியாக இருந்த வருஷங்களில் அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து மருந்து வாங்கினீர்களா என்று கேட்டுவிட்டுப் போவார், எங்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் வீட்டில் யார் யார், என்ன வேலை என்று எல்லாம் எழுதிக்கொண்டு போவது சிலருக்குப் பிடிக்கவில்லை, அதையும் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்கிற வீட்டை விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: புதுச்செயலாளர், திருச்சி

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி அந்த அக்காவிடம் கேட்டேன். போன வருஷம் அவர் அண்ணன் மகனை ராத்திரியில் விசாரணை என்று கூட்டிப்போய் காலையில் விட்டார்களாம். எதற்கு என்று இன்றுவரை தெரியாதாம். "அங்கேயே கிளாஸ் வெச்சா, டீச்சர் நடத்துனா அனுப்புறேன்" என்றார்.

ரோந்துக்கு இளைஞர்களைக் கொடுப்பதில்லை என்று பொதுக்குழுவில் நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். பழைய பீட் காவலர் அய்யாவிடம் ஒரு சந்தேகம்: பீட் காவலர் பேரைக் கேட்டால் இன்ஸ்பெக்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? வாயால் கேட்பதா, எழுதிக் கொடுப்பதா?

பதில்: பழைய பீட் காவலர், திருச்சி

எழுதிக் குடுங்கம்மா. தப்பா எடுத்துக்க மாட்டார், எழுத்துல இருந்தா அவருக்கும் நல்லது, மேல காட்டலாம். சங்க லெட்டர் பேடுல ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல ஸ்டேஷன் ரைட்டர் கிட்ட சீலும் தேதியும் வாங்கிக்கங்க. அசிஸ்டன்ட் கமிஷனர் அய்யா ஆபீசுக்கு ஒரு நகல் அனுப்பிடுங்க. இன்ஸ்பெக்டர் மாறினாலும் அது ஃபைல்ல இருக்கும், அடுத்தவர் கிட்ட அதைக் காட்டிப் பேசலாம்.

கடிதத்துல உங்க சங்கத்தோட கையெழுத்து மட்டும் இருக்கக் கூடாது. போர்டு குடியிருப்புல இருந்து ரெண்டு பேராவது கையெழுத்து போடணும், அந்த அக்காவே போடட்டும். பீட் காவலர் முதல் தடவை வந்து உக்கார்ற இடமும் அவங்க பக்கமாவே இருக்கட்டும், தண்ணித் தொட்டி கிட்ட ரெண்டு நாற்காலி போட்டாப் போதும். நேரம் ராத்திரி ஏழுக்கு மேல வைங்க. அதுக்கு முன்னாடி வெச்சா வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்க யாரும் திரும்பியிருக்க மாட்டாங்க.

அந்த அண்ணன் மகன் விஷயத்தை முதல் நாளே அவங்க கேப்பாங்க. கேக்கட்டும், நீங்க நடுவுல புகுந்து தடுத்துடாதீங்க. பதில் சொல்ல வேண்டியவர் காவலர்தான்.